நரைமுடி வரிசை

அலமாரி நிறைந்து கட்டிலுக்கடியிலும் கம்பளி நூல் சேர்ந்துவிட்டிருந்தது. அப்படியும் பிரிசில்லா பழைய துணிச் சந்தையில் ஒரு நீல ஸ்வெட்டரை வாங்கிவந்தாள், நூலைப் பிரித்தெடுப்பதற்காக.

"இன்னுமா? நாம எங்க படுக்கறது?" என்றார் கணவர் எபிநேசர்.

கழுத்திலிருந்து பிரித்துக்கொண்டே வந்தவளுக்கு நெஞ்சுக்கு நேரே நூல் சிக்கியது. நீளமான நரைமுடி ஒன்றும் நூலோடு சேர்த்துப் பின்னப்பட்டிருந்தது.

"தெரியாம விழுந்திருக்கும்."

"விழுந்த முடி இருபது பின்னல் கண்ணிக்கு நூல்கூடவே போகுமாங்க?"

யாருடைய முடி, யார் நெஞ்சுக்கு? முடியை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு அவிழ்ந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றி, பிரித்த நூலாலேயே மறுபடி மேல்நோக்கிப் பின்னத் தொடங்கினாள்.

"பிரிக்கத்தானே வாங்கின?"

"ஆமா. ஆனா இதப் போட்டிருந்த ஆளுக்கு இன்னும் குளிருதோ என்னமோ."