கட் ஆகாத கோல்

அப்பாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். பின்னால் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த லெப்டொப்புக்குள், குவைத்திலிருந்து அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா தூங்குறாரும்மா." யோகேஸ்வரன் முன்னறைப் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"தூங்கட்டும். எழுப்பாத" என்றாள் அம்மா.

வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவளைப் பேச விடுவார்கள். வீடியோ கோலை எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள். அதனால் ஒப்பாரி வைத்த பெண்களை வாயைப் பொத்தச் சொல்லியாயிற்று. தப்படிக்கிறவர்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் மாமாவின் முடிவு. அங்கே கட்டிப்பிடித்து அழக்கூட அவளுக்கு ஓர் ஆள் கிடையாது. அடக்கம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அதைவிட நல்ல யோசனை யாருக்கும் வரவில்லை.

"சரிம்மா, வைக்கிறேன்" என்று சிவப்புப் பட்டனை அமுக்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

அம்மாவின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. அந்த வீட்டுக் குழந்தை எங்கோ அரபியில் சிணுங்கியது.

அங்கே நடப்பது இங்கே கேட்கிறது என்றால், இங்கே நடப்பதும் அங்கே கேட்கும்.

மூலையில் இருந்த பெருக்கல் குறியைக் குத்தினான். திரை வெளிறிப்போனது. மறுபடி குத்தினான். டாஸ்க் மெனேஜரைத் திறந்து, அந்தக் கோல் செயலியின் பெயரைத் தேடிப் பிடித்து, முடித்துவிடச் சொன்னான். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போகாத விருந்தாளி மாதிரி அது நின்றது.

ஹட்டன் டவுனில் ஒரு கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கம்ப்யூட்டரைத் திருத்துகிறவன் அவன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். பதற்றத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முருகா, மூடிக்கொள்ளேன் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

தங்கச்சி கிருஷாந்தி கதவோரம் எட்டிப் பார்த்தாள். படம் அசையாமல் நிற்பதைக் கண்டு, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தாள். முன்னறைப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள்.

அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் ஒரே நேரத்தில் வெடித்தது. அத்தை அப்பாவின் பெயரைச் சொல்லியே ஒப்பாரியைத் தொடங்கினாள். கீழே தப்பும் முழங்கியது.

யோகேஸ்வரன் இரண்டு கைகளாலும் லெப்டொப்பைப் பொத்தினான். எந்த ஓட்டை வழியாக அது கேட்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

"நிப்பாட்டுங்க" என்று கத்தினான்.

ஒப்பாரி பாதியில் அறுந்தது. யாரோ ஓடிப்போய்த் தப்பையும் நிறுத்தினார்கள்.

அப்போதுதான் பக்கத்தில் செருகியிருந்த இன்டர்நெட் டொங்கிள் கண்ணில் பட்டது. அதைப் பிடுங்கினால் எல்லாம் தீர்ந்தது. அதைப் பிடித்தான்.

"ஏன் தம்பி நிப்பாட்டிட்டாங்க?"

திரையில் அம்மாவின் உதடு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"காலையிலயே பேஸ்புக்ல கண்ணீர் அஞ்சலி பாத்துட்டேன். ஒங்க மாமாதான் போட்டிருக்காரு. நீங்க மறைக்கப் படுற பாட்டப் பாத்துத்தான் நானும் தெரியாத மாதிரி சிரிச்சேன்."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தப்ப அடிக்கச் சொல்லு. அப்பாவ எடுக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

யோகேஸ்வரன் டொங்கிளிலிருந்து கையை எடுத்தான். லெப்டொப்பை ஆடாமல் அசையாமல் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்தான். வழியில் கோல் கட் ஆகிவிடக் கூடாதே என்று அவனுக்குப் பயமாக இருந்தது.