மூக்கின் சாட்சி

"வாசம் மூக்கத் தொட்டதும் கையத் தூக்குங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள் பேபி டீச்சர்.

கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகைக்கு முதியோர் கல்வி படிக்க வந்த பெண்கள், பாடம் விளையாட்டாகிப் போனதில் சிரித்தார்கள்.

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது என்று டீச்சர் சொன்னபோது, "கண்ணுக்குத் தெரியாதத எப்படி டீச்சர் நம்ப?" என்று முப்பிடாதி கேட்டிருந்தாள். அதற்குத்தான் இந்த மரிக்கொழுந்து அத்தர். அணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குப்பியை விட்டு வெளியே வரும். கண் பார்க்காவிட்டாலும் மூக்கு சாட்சி சொல்லும்.

வாசலில் நின்ற மேஸ்திரி உக்கிரபாண்டி நிலையில் சாய்ந்துகொண்டார்.

"நல்லதாப் போச்சு. நேத்து வஜ்ஜிரத்தத் தீயவிட்டவ யாருன்னு இப்பத் தெரிஞ்சிரும். மூக்கு செத்தவளுக்கு மருந்து ரூமுல இனி வேலை கிடையாது."

சிரிப்பு நின்றது.

தீக்குச்சி மருந்தில் கலக்கும் அந்த வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சியவள் வெயிலம்மாள். அது கருகிய நாற்றம் அவளுக்குத் தெரியவில்லை. கூட நின்றவர்கள் அவளைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மருந்து ரூமை விட்டால் குச்சிதான் அடுக்க வேண்டும். விரல் மடங்காத அவளுக்கு அது ஆகாது.

டீச்சர் மேசையருகே குனிந்தாள்.

முன்வரிசையில் கைகள் எழுந்தன. பிறகு நடுவரிசையில்.

வாசலையொட்டிய கடைசி வரிசையில் முப்பிடாதியின் கையும் எழுந்தது. "மதினி, தூக்கிருங்க" என்று முழங்கையால் இடித்தாள்.

வெயிலம்மாள் மூச்சை ஆழ இழுத்தாள். ஒன்றுமில்லை.

ஆனாலும் டீச்சர் சொன்னதை நம்பினாள். அது வந்திருக்கும். எல்லாரையும் தொட்டதுபோல் அவளையும் தொட்டிருக்கும். அதற்காக, தெரியாததைத் தெரிந்தது என்று சாமி அறியச் சொல்ல முடியாது.

எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியல டீச்சர்."

மேஸ்திரி நிமிர்ந்தார்.

பேபி டீச்சர் அவரையும் பார்த்தாள், வெயிலம்மாளையும் பார்த்தாள். மேசையில் கழற்றி வைத்திருந்த குப்பி மூடியின் மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தாள்.

"எப்படித் தெரியும் அக்கா? நான் இன்னும் குப்பியத் திறக்கவே இல்லையே. கை தூக்கின அம்புட்டுப் பேரும் சும்மா தூக்கியிருக்கீங்க!"

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"ஆமா டீச்சர், சும்மாத்தான் தூக்கினோம்" என்றாள் முப்பிடாதி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மேஸ்திரி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அதான பாத்தேன்! நானும் இம்புட்டு நேரமா இழுத்து இழுத்துப் பாக்கேன், ஒரு வாசமும் வரலயேன்னு!"

மரிக்கொழுந்து மணத்த கொட்டகையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.