ஸ்தனிஸ்லாஸின் ஈஸ்ட்

ஸ்தனிஸ்லாஸ் சனிக்கிழமை இரவுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பார். ஒவ்வொரு முறையும் அடியில் தங்கும் ஈஸ்ட்டை, பீரை நொதிக்கவைக்கும் அந்த நுண்ணுயிரை, கண்ணாடி ஜாடியில் எடுத்து, அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வார். அவர் இறந்து பல மாதங்களாகியும் அந்த ஜாடி ஃப்ரிட்ஜில் இருந்தது. அவருடையதில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான் என்று மனைவி அமலோற்பவம் நினைத்தாள்.

அவருடைய பிறந்தநாள் நெருங்கியபோது நண்பர் குணாளன் வந்து, பார்லிச் சாற்றைக் காய்ச்சி ஆறவைத்து, ஜாடியிலிருந்ததை ஊற்றினார். இரண்டு நாளாகியும் நுரை கட்டவில்லை.

"ஈஸ்ட் சோர்ந்துபோச்சு அண்ணி. வேற ஈஸ்ட் கொஞ்சம் சேர்த்தாதான் பொங்கும்."

"சேர்த்தா அவரோடது என்ன ஆகும்?"

"உள்ளதான் இருக்கும். ஆனா அப்புறம் எது எதுன்னு பிரிக்க முடியாது."

அவள் வெகுநேரம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குணாளன் கொண்டுவந்திருந்த புது ஈஸ்ட் பொட்டலத்தைத் தானே கிழித்துக் கொட்டினாள். மறுநாள் காலையில் வீடெங்கும் பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை.

பிறந்தநாளன்று இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார்கள். குணாளன் அவள் முகத்தையே பார்த்தார்.

"அவரோடது மாதிரி இல்ல," என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "அவரோடது எப்பவும் லேசாப் புளிக்கும். நான் சொன்னதே இல்ல."

குணாளன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நானும் சொன்னதில்ல அண்ணி."