சிவப்புக் கொடி

"இறக்குய்யா! கல்லு மனசாய்யா உனக்கு?"

வின்ச் ஆபரேட்டரின் தகரக் கொட்டகையைச் சுற்றி நின்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் ஆறாவது மாடிக்கு வெளியே, வின்ச் கயிற்றில் ஏறும் மணல் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு ஆள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் பிரேக்கை மிதித்தபடி அண்ணாந்து பார்த்தார். கண்ணுக்கு நேரே வெயில். மஞ்சள் ஹெல்மெட் தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை.

தெரிய வேண்டியதும் இல்லை. தொட்டியை உள்ளே இழுத்து மணல் கொட்டும் வேலை இன்றைக்கு அவருடைய மச்சினனுக்கு. "தம்பியப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று காலையில் மனைவி சொன்னபோது, "உன் தம்பி என்ன கைக்குழந்தையா?" என்று நக்கலடித்துவிட்டு வந்தவர் அவர்.

"கொஞ்சம் ஏத்துய்யா, பலகையில கால வச்சுக்குவான்!" என்றார் மேஸ்திரி.

"ஏத்தினா கை கப்பியில மாட்டும். இறக்கு!" என்றார் காவலாளி.

"கீழ கம்பி நீட்டிக்கிட்டு இருக்கே, கண்ணு தெரியலையா?"

எது சரி என்று கீழே ஒருத்தருக்கும் தெரியாது. மேலே கத்துவதும் இங்கே காதில் விழாது. அதற்காகத்தான் மேலே கொடிக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். பச்சை என்றால் ஏற்று, வெள்ளை என்றால் இறக்கு, சிவப்பு என்றால் அசையாதே. ஊரே கத்தினாலும் ஆபரேட்டர் அவர் கொடிக்கு மட்டும்தான் கட்டுப்பட வேண்டும்.

பாதுகாப்பு வலையோரம் சிவப்புக் கொடி தெரிந்தது. காற்றில் லேசாகப் படபடத்ததே தவிர, இடம் மாறவில்லை.

"நிறுத்தச் சொல்றாரு. பக்கத்துல இருக்கிறவருக்குத் தெரியாதா?" என்றார் ஆபரேட்டர்.

"அங்க ஒரு உசுரு ஊசலாடுது, நீ கொடியப் பாத்துக்கிட்டு இருக்கியா!"

ஆபரேட்டர் லீவரை விடாமல் கொடியையே பார்த்தார். 'பச்சையோ வெள்ளையோ, ஏதாவது ஒண்ணக் காட்டுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்' என்று மனதுக்குள் கெஞ்சினார். வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

மேலே ஒரு கை நழுவியது. கூட்டம் "ஐயோ" என்றது. ஆபரேட்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது படிக்கட்டு வழியாக விழுந்தடித்து ஓடிவந்த ஒருவன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். திரும்பினார். மச்சினன்! மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, முழுசாக நின்றான். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மாமா, கொடி வலையில சிக்கிக் கிடக்கு... தொங்குறதே கொடிக்காரர்தான்!"