மங்காத நீலம்

"லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒழுங்கா ஓடுற போட்டோ பிரிண்டர் எது?" என்று இணையக் குழுவில் ஒரு ரிட்டையர்டு சர்வேயர் கேட்டார். 'ஆந்தை' என்ற புனைபெயரில் எழுதுபவர் சொன்ன மாடலையே வாங்கினார்.

"கடல் படம் வந்துச்சு. நீலம்தான் மங்கல்" என்று எழுதினார்.

ஆந்தை தினம் ஒரு வழி சொன்னார். தினமும் அதே புகார்தான்.

"பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதினால் மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி அந்தப் பேச்சையே பூட்டிவிடுவது குழுவின் வழக்கம்.

ஒருநாள் ஆந்தை, "பிரிண்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க சார்" என்றார்.

சர்வேயரால் தட்டிக்கழிக்க முடியவில்லை. முதல் நாளே பளிச்சென்று அச்சாகி, ஒற்றை நாற்காலிக்கு எதிரே தொங்கிய கடல் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

பதில் தனிச்செய்தியாக வந்தது.

"நீலம் அருமையா இருக்கு. நாளைக்குச் சிவப்பு சரியில்லன்னு எழுதுங்க சார். எனக்கும் பேச வேற ஆள் இல்ல."