கோட்டைக் கிணற்றில் ஒரு கல்

மலையுச்சிக் கோட்டையின் கூரையில்லாத கூடத்துக்குள் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் பத்துப் பேர் கிணற்றைச் சுற்றி நிற்கிறார்கள். "எதிரிப்படை பதினோரு மாசம் தலைகீழா நின்னும் இந்தக் கிணத்தைத் தூர்க்க முடியலைங்க," என்கிற வழிகாட்டி, இடிந்த மதிலிலிருந்து வழக்கம்போல ஒரு கல்லை உருவி உள்ளே போடுகிறார். "எவ்வளவு ஆழம்னு காது கொடுத்துக் கேளுங்க." எல்லோரும் குனிகிறார்கள். கல்லின்மேல் கல் மோதும் சத்தம் உடனே மேலே வருகிறது. "தண்ணி எங்க சார்?" என்கிறாள், கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பெண். வழிகாட்டி கைத்தூசியைத் தட்டிக்கொள்கிறார். "நான் வேலைக்குச் சேந்தப்போ இருந்துச்சும்மா. இருபது வருஷம், ஒரு நாளைக்கு ஆறு தடவை போடுறேன்ல." அடுத்த கூட்டம் படியேறிவரும் சத்தம் கேட்கிறது. அவர் மதிலருகே போய், கைக்கு அடக்கமாக இன்னொரு கல்லைத் தேடுகிறார்.