பதினாறாவது கட்டம்

பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளுக்கான செயலிகளில் ஒன்பதைக் கழித்துவிட்டு, மகள் மிதுலாவுக்காகப் பத்தாவதைத் தேர்ந்தெடுத்தாள் ரேணுகா. அதில்தான் தொட்டால் பேசும் படக்கட்டங்களுக்குத் தன் குரலையே பதிந்து வைக்க முடிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தண்ணீர், பசி, ஊஞ்சல், வா என்று பதினைந்து சொற்களைப் பதிந்தாள். “வேண்டாம்னு ஒண்ணு வைங்க” என்றார் பேச்சுப் பயிற்சியாளர்.

“சோத்தத் தள்ளிவிடுறா, துப்புறா. அது போதாதா மேடம்?”

“தள்ளுறா. இனிமே சொல்லட்டுமே.”

கோபம் தொனிக்காமல் வருவதற்கு, அந்தச் சொல்லை மட்டும் நான்கு முறை பதிய வேண்டியிருந்தது.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் வழக்கம்போல மிதுலாவை இறுக்கி அணைத்து முத்தம் கொடுத்தாள். ஐந்து வருடங்களாக மரக்கட்டைபோல நின்று வாங்கிக்கொண்டவள், டேப்லெட்டைத் தொட்டாள்.

“வேண்டாம்” என்றது ரேணுகாவின் குரல், மிக இனிமையாக.

ரேணுகா கையை எடுத்தாள்.

“வேண்டாம்.”

ஓரடி பின்னால் போனாள்.

“வேண்டாம்.”

அறைக்கு வெளியே வந்துவிட்டாள். நிலைப்படியை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “அம்மா வரட்டுமா?” என்றாள். இதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. மிதுலாவின் விரல் கட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது.